ஒரே மாடலில் மூன்று

நான் வாங்கிய முதல் சர்வர் எங்கள் வீட்டுக்குள் பதினோரு நாள்தான் இருந்தது. 2022 மே மாதம். பெங்களூரில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துப்போட்ட ரேக் சர்வர் அது. இரண்டு பிராசசர், 64 ஜிபி ராம், தூக்கினால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் கனம். லாரி வாடகையோடு 12,000 ரூபாய். நடுவீட்டில் வைத்துப் பொத்தானை அமுக்கியதும் உள்ளே இருந்த ஆறு சின்ன விசிறிகளும் ஒன்றாகக் கூவின. அடுக்களையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, ரிட்டயர்டு ஆனப்புறமும் ரிங் ஃபிரேமை வீட்டுக்கே தூக்கிட்டு வந்துட்டியளா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. பாபநாசம் மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். விக்கிரமசிங்கபுரமே அந்த மில்லைச் சுற்றி வளர்ந்த ஊர். ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி இங்கே நூல் மில் போட்டார்கள். அந்த மில்லின் சங்குக்குத்தான் வி.கே.புரம் எழுந்தது, சாப்பிட்டது, தூங்கியது.

சர்வர் எதற்கு என்று கேட்கலாம். சர்வர் சுந்தரம் பார்த்த வேலைதான்: கேட்டதை மேசைக்குக் கொண்டுவந்து வைப்பது. எங்கள் தெருவில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. மில் குடியிருப்பின் பழைய படங்கள், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து ஐயனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கிய குடும்பங்களின் படங்கள், மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்தவர்களின் கல்யாண ஆல்பங்கள் என்று ஸ்கேன் செய்து சேர்த்துக்கொண்டிருந்தோம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள், தமிழ் விக்கிப்பீடியாவின் ஒரு முழுப் பிரதி, பள்ளிப் பாடநூல்கள், இவையும் கூட. இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெருப் பிள்ளைகள் வை-ஃபை வழியாக எடுத்துப் படிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அதற்கு 64 ஜிபி ராம் தேவையில்லை என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அதைப் பின்கட்டுக்கு மாற்றினேன். வாட் மீட்டர் போட்டுப் பார்த்தால் சும்மா இருக்கும்போதே 180 வாட் இழுத்தது. இரண்டு மாதக் கணக்கில் ஏறக்குறைய 260 யூனிட். வீட்டுச் செலவு 280 யூனிட். இரண்டும் சேர்ந்து 500-ஐத் தாண்டியதும் கரண்ட் பில்லின் தட்டே மாறிவிட்டது. மலிவு என்று வாங்கியதன் விலை அட்டையில் வராது, இ.பி. பில்லில்தான் வரும். மேலே பாபநாசத்தில் 1944-இலிருந்து மின்சாரம் உற்பத்தியாகிறது என்று பெருமை பேசுகிற ஊர்க்காரன், கீழே பில்லைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தேன்.

அதைவிடப் பெரிய பாடம் 2023 டிசம்பரில் வந்தது. 17-ஆம் தேதி பிடித்த மழை. திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்த இரண்டு நாளை நான் விவரிக்க வேண்டியதில்லை. கரண்ட் போனது, செல்போன் போனது. நாலாம் நாள் கரண்ட் வந்தது, போனது, ஒரு நிமிஷத்துக்குள் மறுபடி வந்தது. எலக்ட்ரீஷியன் எவனைக் கேட்டாலும் சொல்வான்: போகிற கரண்டைவிட வருகிற கரண்டுக்குத்தான் பயப்பட வேண்டும். பின்கட்டில் டப்பென்று ஒரு சத்தம். அந்த சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும் என்பது ஏற்பாடு. நான் இரண்டையும் ஒரே பிளக் பாயிண்டில் சொருகியிருந்தேன். 31 வருஷ அனுபவம்! இரண்டும் சேர்ந்து போயின. போகும்போது டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயின.

அந்த மாடல் பவர் சப்ளை திருநெல்வேலியில் இல்லை, மதுரையில் இல்லை. பெங்களூரில் ஒருவர் 5,500 கேட்டார், அதுவும் மூன்று வாரம் கழித்து. டிஸ்க்கிலிருந்து மீட்டுத் தருகிறோம் என்ற ஒரு கடை 35,000 சொன்னது. முக்கால்வாசிப் படங்களுக்கு வேறொரு பிரதி இருந்தது. மழைக்கு முந்தைய இரண்டு மாதத்தில் ஸ்கேன் செய்த ஏறக்குறைய 900 படங்களுக்கு இல்லை. "ஸ்கேன் பண்ணியாச்சும்மா, பத்திரமா இருக்கு" என்று சொல்லி ஒரு அம்மாவிடம் கல்யாணப் படத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். அந்த அசல் படம் வெள்ளத்தில் போய்விட்டது. அவர் இன்னும் என்னை எங்கே பார்த்தாலும் நல்லா இருக்கியளா என்றுதான் கேட்கிறார். படத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை.

அதற்கப்புறம்தான் மில் புத்தி திரும்பி வந்தது. மில்லில் ஒரு மெஷின் வாங்கும்போது முதலாளி வேகத்தைக் கேட்பார், மெயின்டனன்ஸ்காரன் ஸ்பேரைக் கேட்பான். ஒரே மாதிரி நாற்பது மெஷின் வரிசையாக நின்றால் ஒரு ஸ்டோர் போதும். ஒன்றின் மோட்டார் இன்னொன்றில் உட்காரும். ஒரே ஒரு மெஷின் மட்டும் வேறு கம்பெனியாக இருந்தால் அது எவ்வளவு உசத்தியானாலும் எங்களுக்குத் தலைவலி. உதிரிக்காக அது நிற்கும்போது, பக்கத்தில் இருக்கும் பழைய மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் கட்டுகிற சர்வருக்கும் இதே கணக்குதான் என்பது என் கட்சி. நாளைக்குச் சாயங்காலத்துக்குள் அம்பாசமுத்திரத்திலோ நெல்லை ஜங்ஷனிலோ உதிரி கிடைக்குமா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பெட்டியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

இதைச் செய்ய இப்போது போல ஒரு காலம் இதுவரை வந்ததில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசசரும் அதற்கு மேலும்தான் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. ஆறாம், ஏழாம் தலைமுறை பிராசசர் உள்ள ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஒரு கோளாறும் இல்லாமலேயே கிழடு தட்டியவை ஆகிவிட்டன. வங்கிகள், கல்லூரிகள், அலுவலகங்கள் எல்லாம் அவற்றை வெளியே தள்ளுகின்றன. லினக்ஸுக்கு அவை நல்ல வாலிப வயது. இன்னொரு பக்கம், 2025 கடைசியில் புது ராமின் விலை கண்டபடி ஏறியது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கே மொத்தச் சரக்கும் போகிறது. மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில், தன் 'க்ரூஷியல்' என்ற சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஆகவே 8 ஜிபி, 16 ஜிபி ராமை வயிற்றில் வைத்துக்கொண்டு எடைக்குப் போகிற ஒவ்வொரு பழைய பெட்டியையும் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் ஒரே மாடல் மினி டவர் மூன்று எடுத்தேன். ஒன்று 6,500 ரூபாய்.

"அண்ணாச்சி, மூணு எதுக்கு? ஒண்ணு ஓடட்டும். பழுதானா எங்கிட்ட வாங்க."

"அன்னைக்கு இதே மாடல் வச்சிருப்பியா தம்பி?"

"அது எப்படி இப்பமே சொல்ல முடியும்?"

"அதுக்குத்தான் மூணு."

ஒன்று ஓடுகிறது. ஒன்று தயாராக நிற்கிறது. ஒன்று உதிரிக்கு. அதே கடையில் புத்தகம் அளவுக்குச் சின்னப் பெட்டிகளும் இருந்தன, அழகானவை, இன்னும் குறைந்த கரண்டில் ஓடுபவை. ஆனால் இரண்டு பெரிய டிஸ்க் அவற்றுக்குள் உட்காராது. வெளியே யுஎஸ்பி கம்பியில் தொங்கவிட வேண்டும். வீட்டில் பூனை இருக்கிறது, வேண்டாம் என்று விட்டேன்.

வாங்கும்போது பிராசசர் பெயரை நான் கடைசியில்தான் பார்த்தேன். முதலில் மூடியைக் கழற்றச் சொன்னேன். மதர்போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா? அதற்குச் சூடுதான் எமன். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலின் பழைய கணக்கு. விசிறியை விரலால் சுற்றிவிட்டால் தானாக அடங்க வேண்டும், கறகறவென்று நிற்கக் கூடாது. ஸ்க்ரூடிரைவர் முனையைப் பெட்டியில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். பேரிங் தேய்மானத்தை மில்லில் அப்படித்தான் கேட்போம். கடைக்காரப் பையன் அதை செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். இந்த மாதிரி பிராண்டட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு சூட்சுமம் உண்டு. சில மாடல்களில் பவர் சப்ளையின் கனெக்டர் அந்தக் கம்பெனிக்கே உரியது. கடையில் கிடைக்கும் சாதாரண ஏடிஎக்ஸ் பவர் சப்ளை அதில் சேராது. அதைக் கேட்டுக்கொண்டுதான் பணத்தை எடுக்க வேண்டும். மூன்றாவது பெட்டியின் பவர் சப்ளைக்குள் காய்ந்துபோன ஒரு பல்லி கிடந்தது. பல்லி தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கத்தில் பலன் போட்டிருக்கிறது. பவர் சப்ளையில் விழுந்தால் என்ன என்று போடவில்லை. 300 ரூபாய் குறைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மெமரி சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். ஒரு பிழைகூட வரக் கூடாது. ஒன்று வந்தாலும் அந்த ராம் கடைக்குத் திரும்பிவிட வேண்டும். தானே பிழை திருத்திக்கொள்ளும் இசிசி ராம் வேண்டும் என்பார்கள் இன்ஜினியர்கள். வங்கிக் கணக்கு ஓடுகிற இடத்தில் அது கட்டாயம். எங்கள் படங்களுக்கு அந்தக் காசில் இன்னொரு டிஸ்க் வாங்குவேன்.

டிஸ்க்கை மட்டும் பழசு வாங்குவதில்லை. அதில் நான் பிடிவாதக்காரன். பழைய டிஸ்க்கை உள்ளே இருக்கும் ஸ்மார்ட் என்ற பதிவேட்டைப் பார்த்து எடை போடலாம் என்பார்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடம் கெட்டு மாற்றப்பட்டது எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்த மணிக்கணக்கையே அழித்து, ஓடித் தேய்ந்த டிஸ்க்கைப் புதுசென்று விற்ற மோசடி 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளியே வந்தது. கிலோமீட்டர் மீட்டரைத் திருகி விற்கிற பழைய கார் வியாபாரம்தான், வேறொன்றும் இல்லை. நான் 4 டிபி டிஸ்க் இரண்டு, வெவ்வேறு கம்பெனியில், வெவ்வேறு மாதத்தில் வாங்கினேன். சேர்த்து 18,600 ரூபாய். ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தால், ஒரே குறையோடு பிறந்த இரட்டைப் பிள்ளைகளாக இருந்துவிட வாய்ப்பு உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடி மாதிரி எழுதிக்கொள்கின்றன.

எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லது என்று என்னைக் கேட்பவர்கள் அதிகம். அமெரிக்காவில் பேக்பிளேஸ் என்றொரு சேமிப்பு நிறுவனம் லட்சக்கணக்கான டிஸ்க் வைத்து ஓட்டுகிறது. எது எத்தனை செத்தது என்ற கணக்கை 2013-இலிருந்து வெளியிட்டும் வருகிறது. மொத்தமாகப் பார்த்தால் வருஷத்துக்கு நூற்றில் ஒன்றிரண்டு போகிறது. கூகுள்காரர்கள் 2007-இல் ஒரு லட்சம் டிஸ்க்குக்கு மேல் ஆராய்ந்து ஒரு கட்டுரை போட்டார்கள். டிஸ்க் சாவதற்குச் சூடுதான் பெரிய காரணம் என்று எல்லாரும் நினைத்த அளவுக்கு இல்லை என்பது அதில் எனக்கு ஆறுதல், மே மாதத்தில் இந்த சர்வர் நிற்கிற எங்கள் மாடி அறையை நினைத்து. ஆனால் நூற்றில் ஒன்று என்ற கணக்கு நூறு டிஸ்க் வைத்திருப்பவனுக்குத்தான் கணக்கு. ஒரே ஒரு டிஸ்க் வைத்திருப்பவனுக்கு அது கல்யாணப் படம்.

கூகுளே அப்படித் தொடங்கியதுதான். 1999-இல் அவர்கள் பிராண்டட் சர்வர் வாங்கவில்லை. தட்டில் கார்க் விரித்து, தட்டுக்கு நாலு சாதாரண மதர்போர்டு வைத்து அடுக்கினார்கள். ஒன்று செத்தால் இன்னொன்று பார்த்துக்கொள்ளும் என்று மென்பொருளை எழுதினார்கள். அந்த அடுக்குகளில் ஒன்று இப்போது அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது. படத்தில் பார்த்தால் எங்கள் மில்லின் பழைய பேனல் போர்டைவிடக் கேவலமாக இருக்கும்.

மிச்சக் காசு போனது கம்ப்யூட்டர் கடைக்கு இல்லை, மண்ணுக்கு. என் வீட்டில் எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்தேன். 14 வோல்ட்! கொல்லையில் புதுக் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் பைப் இறக்கியதும் ஒன்றரைக்கு வந்தது. கோடையில் வாரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் அதற்கும் உண்டு. துளசிக்கு ஊற்றுகிற மனைவி, இதற்கும் சேர்த்து ஊற்றிவிடுகிறாள். வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் இருக்கும் சுவிட்சை 'யுபிஎஸ்' பக்கம் தள்ளினேன். அது பலர் வீட்டில் மற்றப் பக்கமே கிடக்கும், கரண்ட் மாறுகிற அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அதற்கு மேல் 4,200 ரூபாய்க்குத் தனியாக ஒரு யுபிஎஸ். பேட்டரி இறங்கினால் கம்பி வழியாக சர்வருக்குச் சொல்லி, அதுவே ஒழுங்காக மூடிக்கொள்ள வைக்கும். எங்கள் பள்ளத்தாக்கில் தென்மேற்குச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை இடியும் உண்டு. எல்லாம் சேர்த்து 42,000 சொச்சம். வாட் மீட்டரில் 22. இரண்டு மாதத்துக்கு 32 யூனிட்.

மூன்றாவது பிரதி ஒரு வெளி டிஸ்க்கில், டிபன் டப்பாவுக்குள், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நாகர்கோவிலில் மகள் வீட்டுக்குப் போகிறது. அங்கே போன மாத டிஸ்க்கை எடுத்துக்கொண்டு வருவேன். பாளையங்கோட்டையில் தம்பி வீடு பக்கம்தான், ஆனால் அங்கேயும் அதே தாமிரபரணிதானே ஓடுகிறது. இந்த ஊரில் பிறந்த சிவஞான முனிவரின் எழுத்து இருநூறு வருஷத்துக்கு மேல் தாண்டி நம் கைக்கு வந்தது, யாரோ சிலர் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதி வேறு வேறு இடத்தில் வைத்ததால். அவர்கள் பஸ் டிக்கெட் எடுக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிளவுட் இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று என் மகனே கேட்கிறான். நானும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். மாத வாடகை. இணையம் போன நாளில் பூட்டிய வீடு. தவிர, வாடகைப் பெட்டியில் ஒரு பிள்ளைக்கு எதையும் கழற்றிக் காட்ட முடியாது. எங்கள் தெருவில் மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் இப்போது டிஸ்க் மாற்றக் கற்றுக்கொண்டார்கள். மில்லில் போலவே ஒரு லாக் புக் தொங்குகிறது. தேதி, செய்த வேலை, கையெழுத்து. உண்மையில் இந்த சர்வரின் பலவீனமான உதிரி நான்தான். வயது 63.

நான் இதையெல்லாம் எழுதுவது என் வீட்டுக்காக இல்லை. 1948-இல், சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. வீட்டுவரி கட்டுகிற ஒவ்வொருவரும் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். ஊருக்கு ஊர் கிளை நூலகம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பெட்டி, அந்த ஊரின் படங்களோடும் பிரசுரங்களோடும் நிற்க என்ன தடை? பெட்டிகள் இல்லாமல் இல்லை. அரசு அலுவலகங்கள் கழிக்கிற கம்ப்யூட்டர்கள் மொத்த லாட்டாக ஏலம் போகின்றன. முன்பணம் கட்ட முடிகிற பழைய இரும்பு வியாபாரிதான் எடுக்க முடியும். டிஸ்க்கைக் கழற்றி உடைத்துவிடுங்கள், அதில் ஜனங்களின் விவரம் இருக்கிறது, சரி. மிச்சத்தை ஏன் உடைக்க வேண்டும்? ஒரே மாடலில் ஐந்து ஐந்தாகப் பிரித்து, முதலில் நூலகத்துக்கும் பள்ளிக்கும் கேட்டுவிட்டு, அப்புறம் ஏலம் போடலாம். பேட்டை ஐடிஐ மாதிரி இடங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு அதைச் சோதித்துப் புதுப்பிப்பதே ஒரு பயிற்சி. 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளே புதுப்பிப்பவர் என்று ஒரு வகையை ஏற்றுக்கொள்கின்றன. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளிகளை லினக்ஸுக்கே மாற்றிவிட்டது. எங்கள் பக்கம் விழுகிற மழையில் பாதி அவர்கள் மழைதான், இதையும் கொஞ்சம் அனுப்பலாம்.

போன வாரம் ஒரு வேலையாக ஒரு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பின்பக்க வராண்டாவில் மினி டவர்கள், நாற்பதுக்குக் குறையாது, மார்பளவு அடுக்கியிருந்தார்கள். என் வீட்டில் ஓடுகிற அதே மாடல். ஓரத்து வரிசையில் சாரல் அடித்து ஈரமாக இருந்தது.

"இது எப்போ ஏலம்?" என்று காவல்காரரிடம் கேட்டேன்.

"ஆர்டர் வரணும் சார். போன மழைக்கு முன்னாடியே இறக்கி வச்சது."

மறுநாள் காலையில் வீட்டிலிருந்து தார்ப்பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்த அடுக்கைப் போர்த்திவிட்டு, நாலு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டு வந்தேன்.